மைக்ரேன்: மாத்திரையை எப்போது போடுவது, எத்தனை நாள் போடுவது

மைக்ரேனுக்கு மாத்திரை போடுவதில் இரண்டு விதிகள் உண்டு. வலி தொடங்கியதும் தாமதிக்காமல் போட வேண்டும். மாதத்தில் பல நாள் போடக் கூடாது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் எளிதுதான், சேர்த்துக் கடைப்பிடிப்பதில்தான் திண்டாட்டம். சிலர் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றே நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். சிலர் வலி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே தினமும் போட்டு, மாத்திரையாலேயே வரும் இன்னொரு தலைவலியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். மைக்ரேன் முற்றும்போது இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போகாமல் வயிற்றிலேயே கிடக்கும், பிறகு வாந்தியில் வெளியே வந்துவிடும். அதனால்தான் வலி லேசாக இருக்கும்போது வேலை செய்யும் அதே மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பலிப்பதில்லை. இது மைக்ரேன்தானா என்று சந்தேகம் வந்தால் குனிந்து பாருங்கள், நாலு படி ஏறிப் பாருங்கள். வலி கூடினால், வெளிச்சம் கூசினால், சாப்பாட்டை நினைத்தாலே குமட்டினால் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. அரை மாத்திரை போட்டுப் பார்ப்பது பலருக்குப் பழக்கம், மைக்ரேனில் அது எடுபடாது. பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் என்றால் 400 மி.கி., நாப்ராக்சன் என்றால் 500 மி.கி., பாராசிட்டமால் என்றால் 1000 மி.கி. என்று முழு அளவாகப் போட வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு முதல் இரண்டும் ஆகாது. ஆஸ்பிரினும் மைக்ரேனுக்குக் கேட்கும், ஆனால் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. குமட்டல் இருந்தால் டோம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி. சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். அது வாந்தியை நிறுத்துவதோடு இரைப்பையையும் நகர்த்திவிடும், வலி மாத்திரை உள்ளே இறங்கும்.

இவை போதாதவர்களுக்கு மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகள். சுமாட்ரிப்டான் 50 மி.கி.யில் தொடங்குவது வழக்கம். கேட்டு, பிறகு வலி திரும்பி வந்தால் 2 மணி நேர இடைவெளி விட்டு இன்னொன்று போடலாம். முதல் மாத்திரை கொஞ்சமும் கேட்கவில்லை என்றால் அதே வலிக்கு இரண்டாவதைப் போட்டுப் பெரிய பயன் இல்லை. கண்முன் மின்னல்கோடு, வளைந்து நெளியும் ஒளி என்று ஆரா வருபவர்கள் டிரிப்டானை அப்போதே போட வேண்டாம், வலி தொடங்கும்போது போட்டால் போதும். போட்ட சற்று நேரத்தில் சிலருக்கு நெஞ்சும் தொண்டையும் இறுகுவது போல, உடம்பு கூசுவது போல இருக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் யாராக இருந்தாலும் பயந்துபோவார்கள். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆனால் இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கும் கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இந்த வகையே கூடாது. நாக்கில் கரையும் மாத்திரை வேகமாக வேலை செய்யும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது கரைவது மட்டும்தான் வாயில், உறிஞ்சப்படுவது வயிற்றுக்குப் போன பிறகே. தண்ணீர் கைவசம் இல்லாத இடத்தில் அது வசதி, அவ்வளவுதான். வாந்தி அடங்கவே இல்லை என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயோ ஊசியோதான் வழி.

இனி எண்ணிக்கை. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானையும் கஃபீன் அல்லது கோடீன் கலந்த கூட்டு மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மருந்தாலேயே தலைவலி நிரந்தரமாகிவிடக்கூடும். எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, நாட்களை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் அது ஒரு நாள்தான். ஒன்றொன்றாக நாலு நாள் போட்டால் நாலு நாள். வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கணக்கு கைமீறாது. காலையில் கண் விழிக்கும்போதே தலைவலி, மாத்திரை போட்டால் சில மணி நேரம் நிம்மதி, மறுபடியும் வலி என்று ஓட ஆரம்பித்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நிறுத்தினால் முதல் வாரம், பத்து நாள் வரை வலி கூடத்தான் செய்யும். பலர் அங்கேயே மனம் உடைந்து பழைய டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம். கோடீன் போன்றவற்றைத் தினமும் போட்டவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இந்த இரண்டு விதியையும் சேர்த்துப் பிடிக்க ஒரு குறிப்பேடு வேண்டும். செயலிகள் இருக்கின்றன, ஆனால் தலை தெறிக்கும்போது திரையைப் பார்த்து பத்துக் கேள்விக்குப் பதில் தட்டுவது யாராலும் ஆகாது. காலண்டர் தாளில் ஒரு வரி போதும், வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று குறித்தால் சரி:

செவ்வாய், காலை 10.20, இடப்பொட்டு, 4/10, லேசான குமட்டல். 10.35 நாப்ராக்சன் 500. 12.35க்கு 1/10. மாதவிடாய் 2ஆம் நாள்.

இதில் முக்கியமானது மூன்றாவது நேரம், அதாவது மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் வலி எவ்வளவு இருந்தது என்பது. அது இல்லாமல் "மாத்திரை கேட்கவில்லை" என்று சொன்னால் மருத்துவரால் மருந்தை மாற்றுவதா, அளவை ஏற்றுவதா, நேரத்தைச் சரிசெய்வதா என்று முடிவெடுக்க முடியாது. வலி இல்லாத நாளுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். எழுத மறந்த நாளையும் நன்றாக இருந்த நாளையும் பிறகு பிரித்தறிய முடியாது.

குறிப்பேடு இருந்தால் தூண்டுதல்களைப் பற்றிய பல நம்பிக்கைகள் கலையும். வலிக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே, சிலருக்கு முந்தைய நாளே, கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், அடிக்கடி சிறுநீர், இனிப்பின் மேல் அடங்காத ஆசை எல்லாம் வரும். அது மைக்ரேன் ஏற்கெனவே தொடங்கிவிட்டதன் அடையாளம். அந்த ஆசையில் சாக்லேட் சாப்பிட்டுவிட்டு, பிறகு சாக்லேட்டால்தான் தலைவலி வந்தது என்று பழிபோடுகிறோம். கழுத்துவலியும் அப்படியே. மூக்கடைத்துக் கண்ணில் நீர் வழிவதால் சைனஸ் என்று வருடக்கணக்கில் வைத்தியம் செய்துகொள்கிறவர்களும் உண்டு. மைக்ரேனிலும் அவை வரும். ஒவ்வொரு உணவாக விலக்கிக்கொண்டே போவதைவிட நேரத்துக்குச் சாப்பிடுவதும், விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுவதும் அதிகம் உதவும். காபியை விட வேண்டியதில்லை, தினமும் ஒரே அளவு, கஃபீன் 200 மி.கி.க்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் மூன்று கப் குடித்துவிட்டு விடுமுறையில் ஒன்றோடு நிறுத்தினால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

வலி வந்த பிறகு இருட்டறையும் குளிர்ந்த ஒத்தடமும் கைகொடுக்கும். துணி சுற்றிய ஐஸ் பையைப் பொட்டிலோ பின்கழுத்திலோ 10, 15 நிமிடம் வைக்கலாம், நேரடியாகத் தோலில் படக் கூடாது. வலி இல்லாத நாளிலும் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு திரிவது மட்டும் வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகி வெளிச்சக் கூச்சம் இன்னும் மோசமாகும். வண்டி ஓட்டும்போது ஆரா வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்வை முழுசாகத் திரும்பும்வரை காத்திருங்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். வலி போன மறுநாள் தலை கனத்து யோசனை ஓடாது. முக்கியமான வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தத் தலைவலியையும் மைக்ரேன் என்று தள்ளிவிட முடியாது. நொடியில் உச்சத்துக்குப் போகும் இடி போன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, கர்ப்பகாலத்தில் வரும் புது வலி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆரா ஆகியவற்றையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாத, பல வருடமாக ஒரே மாதிரி வரும் மைக்ரேனுக்கு ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

மாதத்தில் நாலு நாளுக்கு மேல் வலி வந்தால் தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டிய நேரம். தடுப்பு மருந்துகளில் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் 10 மி.கி.யில் இரவு தொடங்குவார்கள், தூக்கமும் வாய் வறட்சியும் வரும். ஃப்ளூனரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வு வந்தவர்களுக்கு வேண்டாம். டோப்பிராமேட் எடையைக் குறைக்கும், விரல் கூசும், பேச வந்த சொல் நாக்கு நுனியில் நிற்கும். இதுவும் வால்புரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கக்கூடிய வயதில் உள்ள பெண்கள் கட்டாயம் கேட்டுத் தெளிய வேண்டும். ஆரா வரும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையால் பக்கவாத ஆபத்து கூடுகிறது, மகப்பேறு மருத்துவரிடம் ஆராவைச் சொல்ல மறக்காதீர்கள். மாதம் ஒரு ஊசியாகப் போடும் எரெனுமாப் 2018இல் வந்தது, மைக்ரேனுக்கென்றே உருவான தடுப்பு மருந்துகளில் ஒன்று.

எந்தத் தடுப்பு மாத்திரையும் முதல் வாரத்தில் வேலை காட்டாது. முழு அளவை எட்டிய பிறகு எட்டு வாரமாவது பார்த்துவிட்டுத்தான் பலனைச் சொல்ல முடியும். மாதம் எட்டு நாள் நாலாகக் குறைந்தால் அதை வெற்றி என்றே கணக்கில் எடுப்பார்கள், பூஜ்யத்தை எதிர்பார்த்து நல்ல மருந்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கட்டுக்குள் இருந்தால் மெல்லக் குறைத்துப் பார்ப்பார்கள். புரோப்ரனலாலைச் சட்டென்று நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும், அதனால் தானாக நிறுத்தக் கூடாது. குறைக்கும் மாதங்களிலும் காலண்டரில் எழுதிக்கொண்டே வாருங்கள். வலி நாட்கள் மறுபடி ஏறுகின்றனவா என்பது அதில்தான் முதலில் தெரியும்.