பாய்க்குப் பழகும் நாட்கள்: பாளையங்கோட்டை வீட்டுக் காப்பகக் குறிப்பு

ஜூன் 2, திங்கள்

ஒன்றேகால் வயதுப் பிள்ளை இன்று சேர்ந்திருக்கிறது. முதல் மூன்று நாள் எதையும் மாற்றுவதில்லை. எழுந்த நேரம், தின்றது, கண்ணயர்ந்தது எல்லாவற்றையும் வீட்டில் அம்மாவும் இங்கே நாங்களும் எழுதுவோம். ‘பதினொரு மணிக்குத் தூங்குவான்’ என்று வாயால் சொல்லும் கணக்கு பெரும்பாலும் தப்பும். ஏழுக்கு எழுந்த பிள்ளை பன்னிரண்டு வரை தாங்கும். ஐந்தரைக்கு எழுந்தால் பத்துக்கே கொட்டாவி. எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

தொட்டில்தான் பெரிய பாடு. வீட்டில் ஆச்சி சேலைத் தொட்டிலில் ஆட்டித் தூங்கவைத்த பிள்ளை. இங்கே ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு பேர். ஆட்டக் கை கிடையாது. எழுந்து உட்காரத் தெரிந்த பிள்ளை தொட்டிலிலிருந்து விழவும் செய்யும், சேலை கழுத்தைச் சுற்றவும் செய்யும். அதனால் எல்லோருக்கும் பாய்தான்.

ஒரே நாளில் மாற்றினால் அவயமிட்டு அழும், மதியச் சோறும் இறங்காது. ஆகவே பையப் பைய. வீட்டில் கண் சொக்கியதும் ஆட்டுவதை நிறுத்தச் சொல்கிறோம். அசையாத தொட்டிலில் உறங்கப் பழகட்டும். இங்கே அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்துப் பாயில் விரித்து, ஓரங்களை அடியில் செருகி, பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுக்கிறோம். நாலைந்து நாளில் தட்டுவதையும் குறைக்கலாம். ஒரு வயதுக்குள் என்றால் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். தலையணை, தளர்ந்த துணி எதுவும் கூடாது.

வீட்டுத் தொட்டிலையும் அவிழ்த்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. அங்கே தொட்டில், இங்கே பாய் என்று பிள்ளை பிரித்துப் பழகிக்கொள்ளும்.

ஜூன் 10, செவ்வாய்

பிழிந்த தாய்ப்பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்கும் உள்ள கணக்கு. நம்மூர் வெயிலுக்கு அது ஆகாது. ஐஸ் வைத்த பையில் வர வேண்டும். வந்ததும் ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வைக்கிறோம், கதவில் அல்ல. 60 மில்லியாகப் பிரித்து, தேதியும் நேரமும் எழுதித் தந்தால் வீணாகாது. வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திச் சூடாக்குவோம், அடுப்பில் வைப்பதில்லை. வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது.

ஜூன் 13, வெள்ளி

‘ராத்திரி பதினொன்று வரை விளையாடுறான், மதியம் தூங்கவிடாதீங்க அக்கா.’ அடிக்கடி வரும் கோரிக்கை இது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் உறக்கம் வேண்டும். இரவில் ஒன்பது மணி நேரம்தான் என்றால் பகலில் இரண்டு மணி நேரமாவது வேண்டாமா? மதியத்தை அடியோடு வெட்டினால் சாயங்காலம் சோர்வில் முரண்டு பிடிக்கும், இரவு உறக்கமும் கெடும். மூன்று மணிக்கு எழுப்பிவிடுவது எங்கள் பொறுப்பு. ஒன்பதுக்கு விளக்கையும் டிவியையும் அணைப்பது வீட்டார் பொறுப்பு. ஒரேயடியாக வேண்டாம், தூங்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினால் போதும்.

ஜூன் 16, திங்கள்

ஞாயிறு குற்றாலச் சாரலுக்குப் போய்வந்த பிள்ளைகள் பத்து மணிக்கே சாய்கின்றன. இன்று மட்டும் பருப்புச் சோறு பத்தரைக்கு. பாயில் தூங்க மறுத்தால் மடியில் போட்டுத் தூங்கவைக்கலாம். நாளை மறுபடி பாய்.