ராகு காலத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம்

கொல்லையில் நிற்கும் தாழையில் வெனிலாக் கொடியை ஏற்றிவிட்டு மூன்று வருஷம் காத்திருந்தேன். இலையாகத் தள்ளியதே தவிர ஒரு மொட்டு கூட வரவில்லை. அப்புறம் ஒரு அக்டோபர் திங்கட்கிழமை, காலை ஆறரைக்குப் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்த்தால், இளம்பச்சையில் ஒரு பூ வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

இந்தியப் பெருங்கடலில் நாங்கள் இருக்கும் இந்த ரெயூனியன் தீவில் கொடி வைத்தவர்களுக்குத் தெரியும், இதற்கு மேல் நிம்மதி கிடையாது. வெனிலாப் பூவுக்கு ஒரு காலைதான் ஆயுசு, மதியத்துக்குள் வாடிவிடும். கொடியின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அதைத் தேடி வரும் தேனீ இங்கே இல்லாததால் கையால்தான் சேர்த்து வைக்க வேண்டும். இங்கே அதற்குப் பெயரே கல்யாணம். செய்து வைக்கும் பெண்களுக்கு 'மரியேஸ்' என்று பெயர். எங்கள் சேன்ட் ஆந்த்ரேவுக்குப் பக்கத்தில், சேன்ட் சூசானில், 1841-இல் எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியும் கட்டைவிரலும் வைத்துக் கண்டுபிடித்த வித்தை இது. எனக்கு வயது 46.

புதுச்சேரியில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினது என் தப்பு.

"கல்யாணமா? இப்போ ராகு காலம்டா. ஒன்பது மணிக்கு மேல வெச்சுக்கோ."

அங்கே மணி எட்டு. "இங்கே இன்னும் ஆறரைதாம்மா" என்று வாதாடி, ஏழரை வரை முகூர்த்தம் வாங்கினேன். அதில் இருபது நிமிஷம் மூக்குக்கண்ணாடி தேடுவதில் போயிற்று. அரிசி டப்பா மேல் இருந்தது.

பூவின் உதட்டைப் பல்குச்சியால் ஓரமாகக் கிழித்தால் உள்ளே மகரந்தமும் சூல்முடியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நடுவில் மட்டும் கோபித்துக்கொண்ட தாய்மாமன் மாதிரி ஒரு சவ்வு குறுக்கே நிற்கிறது. அவரைக் குச்சியால் தூக்கிவிட்டு, மகரந்தத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்த வேண்டும். என்னுடைய 'லேசாக'வில் பூ காம்போடு கையில் வந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டு மல்பார் பாட்டி (தமிழ் வம்சாவளியினருக்கு இங்கே மல்பார் என்று பெயர்), சின்ன வயதில் மரியேஸாக இருந்தவர். தமிழ் கோயிலோடு சரி, மற்றதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோல். ஒரு எலுமிச்சை முள்ளை ஒடித்துக்கொண்டு வந்து, மறுநாள் மலர்ந்த பூவுக்கு மூன்று நொடியில் தாலி கட்டிவிட்டுப் போனார்.

கொத்தில் தினம் ஒன்றாக இன்னும் ஏழு பூத்தன. ஏழும் என் கைங்கரியம். சேர்ந்த பூ வாடினாலும் காம்பை விடாது, சேராதது உதிர்ந்துவிடும். கடைசியில் நின்றவை இரண்டு. அதில் ஒன்று பாட்டியுடையது.

காய் முற்ற ஒன்பது மாதம். அம்மா வாரம் தவறாமல் "எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். ஏழாவதில் வளைகாப்புப் பேச்சும் வந்தது.

இங்கே குளிர்காலமான ஜூலையில் நுனி மஞ்சளானதும் பறித்து, 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிஷம் போட்டு, சூட்டோடு கம்பளியில் சுற்றினேன். வீட்டில் இருந்ததே ஒரு கம்பளி. அந்தக் குளிரில் நானும் மனைவியும் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கினோம், காய்கள் இரண்டும் கதகதப்பாகக் கிடந்தன. அப்புறம் தினமும் கொஞ்சம் வெயில், பிறகு பல மாதம் டப்பாவுக்குள்.

கறுத்துச் சுருங்கி, மணம் ஏறினதும் ஒன்றைப் பாட்டிக்குக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, இது யார் கட்டிய தாலி என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

மற்றது இன்னும் டப்பாவில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் எடுத்து முகரக் கொடுப்போம். கேக்குக்கு மனைவி போடுவது கடை வெனிலாச் சர்க்கரைதான்.