நாற்பது வரி செர்வரும் ஒரு டாக்கர்ஃபைலும்

அப்புறம் படிக்கலாம் என்று ஒதுக்கும் சுட்டிகளைச் சேர்த்து வைக்க, பைத்தானில் வெப் செர்வர் எழுத உதவும் ஃபிளாஸ்கில் 40 வரியில் ஒரு குட்டி செர்வர் எழுதி வைத்திருக்கிறேன். லேப்டாப் மாற்றும்போதெல்லாம் பைத்தான் வெர்ஷனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை அதை, பைத்தானோடு சேர்த்தே பொட்டலமாக்கிவிடுகிற டாக்கர் இமேஜாகவே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இமேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் டாக்கர்ஃபைல் ஆறே வரி. அரை மணி நேர வேலை என்று நினைத்தேன், ராத்திரி ஒன்றரை ஆகிவிட்டது.

பில்ட் ஒழுங்காக முடிந்தது. 5000 போர்ட்டைக் கொடுத்து ரன் செய்தேன். லாகில் செர்வர் ஓடிக்கொண்டிருந்தது, பிரவுசரிலோ இணைப்பு அறுந்துபோனதாகவே வந்தது. டாக்கர்ஃபைலில் போர்ட்டைக் குறிப்பிடும் எக்ஸ்போஸ் வரி விட்டுப்போனதால் இருக்குமோ என்று சேர்த்துப் பார்த்தேன். ம்ஹூம். அந்த வரி எந்தப் போர்ட்டையும் திறக்காது, இமேஜை எடுப்பவருக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். வெளியே திறந்துவிடுவது ரன் செய்யும்போது கொடுக்கிற ஹைஃபன் பி (-p) ஆப்ஷன். அதையோ முதலிலேயே சரியாகக் கொடுத்திருந்தேன்.

சரி, கண்டெய்னருக்குள்ளேயே, அதாவது இமேஜிலிருந்து ஓடுகிற அந்தத் தனிப் பெட்டிக்குள்ளேயே, போய்ப் பார்ப்போம் என்று டாக்கர் எக்ஸெக் போட்டேன். அத்தியாவசியமானது மட்டும் உள்ள ஸ்லிம் இமேஜ் என்பதால், ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் கட்டளை கூடக் கிடையாது. பைத்தானையே திறந்து, அதிலேயே இருக்கும் யூஆர்எல்லிப் லைப்ரரியைக் கொண்டு முகப்புப் பக்கத்தைக் கேட்டேன். சமர்த்தாகப் பதில் வந்தது! உள்ளே பேசுகிறது, வெளியே பேசவில்லை. அப்போதுதான் லாகை நிதானமாகப் படித்தேன்: 127.0.0.1:5000. அத்தனை நேரமும் கண்ணெதிரே இருந்திருக்கிறது. கண்டெய்னருக்குத் தனி நெட்வொர்க், அதற்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கண்டெய்னர் மட்டும்தான். வெளியிலிருந்து வருகிற கோரிக்கை வேறு இன்டர்ஃபேஸ் வழியாக வருகிறது, அங்கே கேட்க யாருமில்லை. ஹோஸ்ட்டை 0.0.0.0 என்று, அதாவது எல்லா இன்டர்ஃபேஸிலும் கேள் என்று, மாற்றியதும் பக்கம் வந்துவிட்டது.

இன்னொரு எரிச்சல், ஒரு எழுத்தை மாற்றினாலும் பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் பிப் எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கியது. மொத்த ஃபோல்டரையும் காப்பி செய்த பிறகு பிப் வரியை வைத்திருந்தேன். டாக்கர்ஃபைல் வரியால் உருவாகும் ஒரு லேயர் மாறினால், அதற்குப் பின்வரும் வரிகளுக்குச் சேமித்து வைத்த கேச்சும் போச்சு. லைப்ரரிகளின் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் முதலில் காப்பி செய்து, பிப்பை ஓட்டிவிட்டு, மற்றதை அப்புறம் காப்பி செய்தேன். தீர்ந்தது.

படுக்கப் போகலாம் என்று டாக்கர் ஸ்டாப் அடித்தேன். கர்சர் சும்மா மினுக்கிக்கொண்டே இருந்தது. சரியாக 10 நொடி கழித்து நின்றது, எக்ஸிட் கோடு 137. அதாவது 128 கூட்டல் சிக்னல் எண் 9: உடனே கொன்றுவிடும் சிக்கில் சிக்னலை வாங்கிச் செத்திருக்கிறது. டாக்கர் முதலில், முடித்துக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்பி மரியாதையாகத்தான் கேட்கிறது. ஆனால் கண்டெய்னருக்குள் என் செர்வர்தான் பிராசஸ் எண் 1. அந்த எண்ணில் இருக்கும் பிராசஸ் சிக்டெர்முக்கென்று ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் கோடு) வைக்காவிட்டால், அந்த சிக்னலை கெர்னல் கண்டுகொள்ளாது. ஃபிளாஸ்க்கோடு வரும் டெவலப்மென்ட் செர்வரில் அது இல்லை. நிஜப் பயன்பாட்டுக்கான கூனிகார்ன் செர்வரைப் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது, ஆனால் நான் ஒருவனே பயன்படுத்துகிற செர்வருக்கு அதெல்லாம் எதற்கு? ரன் செய்யும்போது இனிட் ஆப்ஷனைக் கொடுத்தேன். எண் 1 இடத்தில் ஒரு குட்டி இனிட் உட்கார்ந்து சிக்னலைக் கடத்திவிடுகிறது, ஸ்டாப் அடித்தவுடன் நிற்கிறது.

கடைசியாக இமேஜுக்குள் எல்எஸ் அடித்துப் பார்த்தேன். கோடு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் ஃபோல்டர் முழுசாக உள்ளே கிடக்கிறது. இப்படி வேண்டாததை ஒதுக்கும் டாக்கர்இக்னோர் ஃபைல் நாளைக்கு.