எஸ்.எஸ்.பி. உளவியல் தேர்வு: நேரமும் சறுக்கல்களும்

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.பி. (சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு) தேர்வு ஐந்து நாள் நடக்கும். முதல் நாள் வடிகட்டலில் தேறியவர்களுக்கு வழக்கமாக மறுநாளே உளவியல் தேர்வு. நான்கு தாள்களும் அடுத்தடுத்து வரும். கடைசி நாள் கான்ஃபரன்ஸ் (மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) வரை உளவியலாளர் உங்களை நேரில் பார்க்க மாட்டார்; நீங்கள் எழுதியதை வைத்தே எடைபோடுவார்.

முதலில் டி.ஏ.டி., அதாவது படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வு. ஒரு படம் 30 விநாடி திரையில் தெரியும், கதை எழுத 4 நிமிடம். இப்படி 11 படங்கள். 12-வது வெற்றுத் திரை, அதற்குச் சொந்தக் கதை. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மனப்பாடம் செய்த கதையைக் கிடைத்த படத்தில் ஒட்டவைப்பார்கள். ஆற்றங்கரையில் ஓர் இளைஞன், பக்கத்தில் படகு என்று வைத்துக்கொள்வோம். அவன் தனியாளாக வெள்ளத்தில் நூறு பேரைக் காப்பாற்றினான் என்று எழுதினால் எடுபடாது. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் படகில் ஓட்டை. தச்சரை அழைத்தான், ஊராரிடம் பணம் திரட்டினான், பலகை மாற்றும்வரை மாற்றுப்படகு ஏற்பாடு செய்தான். இதில் சிக்கல், திட்டம், கூட்டு முயற்சி, முடிவு எல்லாம் இருக்கிறது. அளவாக இருப்பதால்தான் நம்ப முடிகிறது.

அடுத்து டபிள்யூ.ஏ.டி., அதாவது சொல்லைப் பார்த்ததும் மனதில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுதும் தேர்வு: 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. 'தோல்வி' என்று வந்ததும் "தோல்வியே வெற்றிக்கு முதல் படி" என்று எழுதுவது வீண். பழமொழியில் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. "தோற்ற அணி மறுநாளே தடுப்பாட்டத்தை மாற்றியது" என்றால் உங்கள் மனம் போகும் திசை தெரியும். ஒரு சொல் தவறினால் அந்த எண்ணைக் காலியாக விட்டு நகருங்கள். அதையே பிடித்துத் தொங்கினால் அடுத்த இரண்டு மூன்றும் போய்விடும்.

அடுத்தது எஸ்.ஆர்.டி., கொடுத்த சூழ்நிலையில் என்ன செய்வீர்கள் என்று எழுதும் தேர்வு. இதில் 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். ஒன்றுக்கு அரை நிமிடம்தான். முழு வாக்கியம் தேவையில்லை, செய்யும் வேலைகளை வரிசையாகப் போட்டால் போதும். எல்லாவற்றுக்கும் "போலீசுக்குத் தகவல் சொன்னான்" என்று முடிப்பவர் பொறுப்பைக் கைமாற்றுகிறார்.

கடைசியாகத் தன்விவரம், 15 நிமிடம்: பெற்றோர், ஆசிரியர், நண்பர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீங்களே என்ன நினைக்கிறீர்கள், எப்படி மாற விரும்புகிறீர்கள். இதை மட்டும் வீட்டிலேயே யோசித்துப் போகலாம், போகவும் வேண்டும். பெற்றோரிடமே கேட்டு எழுதுங்கள். குறையே இல்லாத தன்விவரத்தை யாரும் நம்ப மாட்டார்கள். குறையோடு அதைச் சரிசெய்ய இப்போது செய்வதையும் எழுதுங்கள். நேர்காணல் அதிகாரியும் குழுப்பணி அதிகாரியும் உளவியலாளர் தேடும் அதே 15 அதிகாரிக் குணங்களைத் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். தாளில் தலைவனாக இருந்து மைதானத்தில் நடக்கும் குழுப்பணியில் ஒதுங்கி நின்றால், அந்த முரண் கான்ஃபரன்ஸில் தெரிந்துவிடும்.