மானிட்டர் மாட்ட இடமில்லாத சர்வர்

சன் கம்பெனியின் பழைய சர்வரான சன் ஃபயர் வி210-இல் ஒருவழியாக ஓப்பன்பிஎஸ்டி (யுனிக்ஸ் வகை இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) ஏறிவிட்டது. 2003-இல் வந்த மெஷின். உள்ளே இருப்பது இன்டெல்லும் இல்லை, ஏஎம்டியும் இல்லை, சன்னின் சொந்த சிப்பான அல்ட்ராஸ்பார்க். மானிட்டர் மாட்டவே இடம் கிடையாது. சீரியல் கேபிளைச் சொருகி, 9600 பாட் வேகத்தில் டெர்மினலைத் திறந்தால்தான் வாயைத் திறக்கும்.

பிசியை எழுப்பிவிடும் பயாஸுக்குப் பதில் இதில் ஓப்பன்பூட். 'ஓகே' என்று மட்டும் காட்டிவிட்டு நம் கட்டளைக்காகக் காத்திருக்கும். டிவிடி டிரைவ் இல்லாததால் நெட்வொர்க் வழியாகத்தான் பூட் செய்தேன். வேடிக்கையே இங்கேதான். மெஷின் முதலில் ஆர்ஏஆர்பியில் (முகவரி கேட்கும் நெட்வொர்க் நெறிமுறை) "என் ஐபி என்ன?" என்று கேட்கும். அப்புறம் டிஎஃப்டிபியில் (கோப்பு அனுப்பும் எளிய நெறிமுறை) ஒரு கோப்பைத் தேடும். அதன் பெயர் அதே ஐபி முகவரிதான், ஆனால் ஹெக்ஸ் (16-அடிமான) எண்ணில், பெரிய எழுத்தில்! ஓர் எழுத்து பிசகினாலும் அசையாது. யோசித்தவர் யாரோ, கும்பிடு.

அதைத் தாண்டினால் இன்ஸ்டாலர் பரம சாது. பெரும்பாலும் என்டர், என்டர்தான்.

இந்தக் காலத்தில் இது எதற்கு என்பவர்களுக்கு: இது பிக் எண்டியன் சிப் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும்), மெமரி அலைன்மென்ட்டிலும் (டேட்டா சரியான முகவரியில் தொடங்குவது) கறார். நம் சாதாரண பிசியில் சத்தமில்லாமல் ஓடும் தப்பான சி கோட் இங்கே உடனே கவிழும்.

ஃபேன் சத்தம்தான் தாங்கவில்லை. யாரிடமாவது இதற்குப் பொருந்தும் 80 பின் ஸ்கஸி (பழைய சர்வர் வகை) ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.