கதைப் புத்தகமும் கொழுக்கட்டை மாவும்

கடந்த ஓராண்டாக மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், என் 5 வயது மகளையும், மூன்றரை வயதான தங்கை மகனையும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் கூட்டி உட்கார வைத்து, ஒரு படக்கதையைப் படித்துக் காட்டி, அதையொட்டி ஏதேனும் ஒன்றைச் சமைத்து வருகிறேன். கதையில் வரும் பண்டத்தைச் செய்தால் போயிற்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தொடங்கினேன். அது தப்புக் கணக்கு என்பதை முதல் இரண்டு முயற்சிகளே காட்டிவிட்டன.

முதலில் எடுத்துக்கொண்டது, எல்லோரையும் போல, பாட்டி வடை சுட்ட கதை. கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் பிள்ளைகளை விட முடியாதல்லவா? நால்வரையும் சமையலறை நிலைப்படிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, நானே அரைத்து, நானே தட்டி, நானே சுட்டேன். அவர்களுக்கு மிஞ்சியது, காக்கையின் வாயிலிருந்து வடை எப்போது விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நரியின் வேலை மட்டுமே.

இரண்டாவது, எரிக் கார்லின் 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்'. 1969இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் பசித்த கம்பளிப்புழு திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய், புதனன்று மூன்று பிளம், வியாழனன்று நான்கு ஸ்ட்ராபெர்ரி, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு என்று தின்றுகொண்டே போகும். பட்டியல் பிசகாமல் அத்தனை பழங்களையும் வாங்கிவந்தேன். ஸ்ட்ராபெர்ரியின் விலையை இங்கே எழுதினால் வீட்டில் தெரிந்துவிடும். நறுக்கி வைத்த பழங்கள் 10 நிமிடத்தில் காலியாயின, புத்தகத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாலை தற்செயலாகக் கவனித்தேன்: தங்கை மகன் அதே புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, புழு தின்ற இடமாகத் தாளில் வெட்டியிருக்கும் ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் விரலை விட்டு, மறுபக்கம் எட்டிப்பார்க்கும் விரல்நுனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் புத்தகம் பழத்தைப் பற்றியதே அன்று; ஓட்டை போடுவதைப் பற்றியது.

அதன் பிறகு கதையில் என்ன தின்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அந்தக் கணக்கின்படி புழுவின் கதைக்கு உற்ற பண்டம் உளுந்து வடைதான். உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, ஆளுக்கொரு வாழையிலைத் துண்டில் நீர் தொட்டு ஓர் உருண்டை மாவை வைத்துக் கொடுத்தேன். கட்டைவிரலை நனைத்துக்கொள்ள மறந்தவர்களுக்கு மாவு விரலோடு எழுந்து வந்தது; நனைத்தவர்களுக்கு ஓட்டை அழகாக நின்றது. ஓட்டை எதற்கு என்று என் மகள் கேட்டாள். தடித்த வடையின் நடுவிலும் எண்ணெய் நுழைந்தால்தான் வெளியே சிவக்கும் நேரத்துக்குள் உள்ளேயும் வேகும் என்றேன். ஓட்டை தூர்ந்துபோன வடை ஒன்றைப் பிட்டு, நடுவில் மாவாகவே இருந்ததைக் காட்டினேன். எண்ணெய் வேலை அன்றும் என்னுடையதுதான். ஆனாலும் வாணலியிலிருந்து எடுத்த ஒவ்வொரு வடைக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார்.

இதுவரை செய்தவற்றுள் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது அத்திரிபாச்சா கதை. மாமியார் வீட்டில் முதன்முதலாகக் கொழுக்கட்டை தின்ற ஒருவன், பெயர் மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். குறுக்கே வந்த வாய்க்காலை "அத்திரிபாச்சா" என்று சொல்லித் தாண்டியதும் பழைய சொல் போய்ப் புதிய சொல் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. இதற்கான புத்தகத்தை நாங்களே செய்தோம். நான்கு ஏ4 தாள்களை மடித்துத் தைத்தால் 16 பக்கம். எழுத்து என்னுடையது, படங்கள் அவர்களுடையவை.

இந்தக் கதையில் ஒரு சங்கடம் உண்டு. நான் கேட்டு வளர்ந்த வடிவத்தில், அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்பதற்காக அவன் மனைவியை அடிக்கிறான். அவளுடைய கன்னம் கொழுக்கட்டை போல வீங்கிவிட்டதே என்று பக்கத்துவீட்டுக்காரி சொல்லும்போதுதான் அவனுக்குப் பெயர் நினைவு வருகிறது. அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் புத்தகத்தில் அவன் கோபத்தோடு எழுந்து வெளியே போகும்போது நிலைப்படியில் தன் தலையையே இடித்துக்கொள்கிறான். நெற்றிதான் வீங்குகிறது, அதைப் பார்த்து "கொழுக்கட்டை" என்று சொல்பவளும் அவன் மனைவியே. நாட்டார் கதையில் கை வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கலாம்; 3 வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

செய்வதற்குப் பிடி கொழுக்கட்டையே எளிது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஏலப்பொடியும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வறுத்த அரிசி மாவில் ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறுவது வரை பெரியவர் வேலை. ஈரத்துணி போட்டு மூடி, சூடு கைபொறுக்கும் அளவுக்குத் தணிந்த பிறகே பிள்ளைகளிடம் தர வேண்டும். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு "கொழுக்கட்டை" சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. இந்தக் கதை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, இந்தப் பண்டம் பிடித்ததையே திரும்பத் திரும்பப் பிடிப்பது. இரண்டும் தாமாகவே சேர்ந்துகொண்டன. வாய்க்கால் வரும் பக்கத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு மாவுக்குப் போனோம். மீதிக் கதை, இட்லிப் பானையில் கொழுக்கட்டை வேகும் 10, 12 நிமிடங்களுக்கு. காத்திருக்கும் நேரத்தைப் போல பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்கும் நேரம் வேறு இல்லை. மூடியைத் திறந்தபோது பிடித்த விரல்களின் தடம் அப்படியே வெந்து நின்றது. "பெரியம்மா, இது என் விரல்" என்று தங்கை மகன் தன்னுடையதைத் தடத்தோடு தடம் வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

புத்தகத்துக்குச் செலவழிக்கத் தயங்குவோர்க்கு ஒரு வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். அச்சிட்ட தாளில் வெல்லம் ஒட்டினால் மனம் பதறாது. நூலகப் புத்தகத்தைச் சமையலறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம். வேகாத மாவை வாயில் போட விடாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை தொண்டையில் சிக்கும், கொடுக்கக் கூடாது. திராட்சையை நெடுக்குவாட்டில் நான்காக நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

சென்ற பிள்ளையார் சதுர்த்தியன்று எதிர்வீட்டில் எங்களுக்கு இலை போட்டிருந்தார்கள். தங்கை மகன் தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னொரு அத்திரிபாச்சா வேண்டும்" என்றான். பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பாரா, பாயசமா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்க, அந்த வீட்டுப் பாட்டி மட்டும் ஒன்றும் கேட்காமல் இரண்டு கொழுக்கட்டைகளை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.