கார்ப்பல் டனல் ஆபரேஷன்: உள்ளங்கையைத் திறந்தா, கேமரா விட்டா?

மதுரையில் பூக்கட்டுகிறவர்கள், சுங்குடி முடிச்சுப் போடுகிறவர்கள், டெய்லர்கள் எல்லோருக்கும் விரல்தான் சோறு போடுகிறது. அதனால் மணிக்கட்டில் நசுங்கும் நரம்பை விடுவிக்கும் இந்தக் கார்ப்பல் டனல் ஆபரேஷனைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வியே "எப்ப வேலைக்குப் போகலாம்?" என்பதுதான்.

அதற்கு முன் நோய் இதுதானா என்று பாருங்கள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை ராத்திரியில் மரத்து, கையை உதறினால் தெளியும். சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால் வேறு நரம்பையோ கழுத்தையோ சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் சோதித்துவிடுங்கள். ஆரம்ப நிலையென்றால் மணிக்கட்டு மடங்காமல் ராத்திரி ஸ்ப்ளின்ட் கட்டுவதும் ஸ்டீராய்டு ஊசியும் பலருக்கு உதவும். பெருவிரல் மேட்டின் சதை வற்றத் தொடங்கிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். போன சதை முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு, மேலே சொன்ன விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகிறது. மேலே கூரையாக ஒரு தடித்த நார்ப்பட்டை. எந்த முறையானாலும் வெட்டுவது அந்தப் பட்டையைத்தான்.

திறந்த முறையில் உள்ளங்கையில் 2 முதல் 4 செ.மீ. கீறல். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஊசியோடு, ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்து போட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் ரத்தக்கசிவு குறையும். கையை இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே தேவைப்படாது, மயக்கமும் வேண்டாம். பட்டை, நரம்பு, பெருவிரலுக்குப் பிரியும் கிளை எல்லாம் டாக்டர் கண்ணெதிரே இருக்கும். அந்தக் கிளை ஆளுக்கு ஆள் இடம் மாறும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. குறை என்னவென்றால், தழும்பு விழுவது பிடிமானம் அழுந்தும் இடத்திலேயே.

எண்டோஸ்கோப்பியில் மணிக்கட்டு மடிப்பருகே ஒரு சின்னக் கீறல். சில டாக்டர்கள் உள்ளங்கையில் இன்னொன்றும் போடுவார்கள். கேமராவைப் பட்டைக்கு அடியில் நுழைத்து, உள்ளிருந்து வெட்டுவார்கள். வேலைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகத் திரும்பலாம். ஆனால் நரம்பு தற்காலிகமாக நோகும் வாய்ப்பு இதில் சற்று அதிகம். காட்சி தெளிவில்லையென்றால் பாதியில் திறந்த முறைக்கு மாற வேண்டிவரும். அதற்கும் முன்கூட்டியே சம்மதம் கேட்பார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன கைக்கும் உள்ளே கட்டி இருக்கும் கைக்கும் திறந்த முறையே மேல்.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த ஒரு வாரத்துக்காகக் கூடுதல் செலவு செய்வதைவிட, பெரியாஸ்பத்திரியோ தனியாரோ, செய்யப்போகிற டாக்டரிடம் "இந்த முறையில் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது உருப்படியானது.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிக்கப்படும். விரலை அன்றே மடக்கி நீட்டலாம். கையைத் தொங்கவிடாதீர்கள், காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ வேண்டாம். ராத்திரி மரப்பு சீக்கிரம் போனாலும், உள்ளங்கை அடிப்பகுதியை ஊன்றினால் வலிப்பது மூன்று மாதம்வரைகூட இருக்கும். குடம் தூக்குவதை ஆறு வாரம் மறந்துவிடுங்கள். இரண்டு கையையும் ஒரே நாளில் செய்துகொண்டால் சாப்பிடவும் கால் கழுவவும் ஆள் வேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி மரப்பு கொஞ்சமும் குறையவில்லையென்றால், பட்டையின் விரல்பக்க நுனி வெட்டுப்படாமல் நின்றிருக்கலாம். அப்போது, நரம்பில் சிக்னல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்டைத் திரும்ப எடுத்து, ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.